சிக்னலில் அணையும் எஞ்சின்

பெங்களூருவின் ஒசூர் சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் சீராக வந்த பழைய மாருதி 800, சில்க் போர்டு சந்திப்பில் சிவப்பு விழுந்ததும் இரண்டு தடவை குலுங்கி அணைந்துவிடுகிறது. சாவியைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உயிர் வருகிறது. காலை எடுத்தால் போய்விடுகிறது. பின்னால் ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. முதல் காராகப் பழைய வண்டி வாங்கியவர்களில் பெரும்பாலோர் இதை ஒருமுறையாவது பட்டிருப்பார்கள். கூடவே ஒரு கேள்வியும் எழுந்திருக்கும்: நாலு பேரையும் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு ஓட முடிகிற எஞ்சினுக்குச் சும்மா நிற்க ஏன் முடியவில்லை?

கார்பரேட்டர் வைத்த எஞ்சினுக்கு ஓடுவது எளிது, ஐட்லிங்கில் நிற்பதுதான் கடினம். இது ஏன் என்று புரிந்துகொண்டால், வண்டியின் கோளாறை நாமே பாதி தூரம் துரத்திப் பிடித்துவிடலாம். ஜே.சி. ரோட்டில் எந்த உதிரிபாகக் கடைக்குப் போவது, அங்கே எதைக் கேட்பது என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

உதாரணத்துக்கு மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை இந்தியாவில் எத்தனையோ குடும்பங்களின் முதல் வண்டி அதுதான். 796 சிசி, மூன்று சிலிண்டர். 2000-ஆம் ஆண்டை ஒட்டித்தான் அதற்குக் கணினி வழிப் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அதுவரை கார்பரேட்டர். மாருதிக்குக் கார்பரேட்டர் செய்து கொடுத்தவர்களில் ஒருவர், ஜப்பானின் மிக்குனியோடு கைகோத்து மறைமலை நகரில் ஆலை வைத்த சென்னையின் யூகால் நிறுவனம். பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம். உருவம் வேறானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்.

பத்தாயிரம் லிட்டர் காற்று

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். லிட்டரில் சொன்னால் இதன் பிரம்மாண்டம் தெரியும். பெங்களூருவில் ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கச் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்று உள்ளே போகிறது. எஞ்சின் என்பது முதலில் ஒரு காற்று பம்பு. பெட்ரோல் அதில் ஒரு துளி.

காற்றோடு ஒப்பிடப் பெட்ரோல் அதிகமாக இருந்தால் மெக்கானிக் 'ரிச்' என்பார், குறைந்தால் 'லீன்' என்பார். நாம் இவற்றைச் செறிந்த கலவை, மெலிந்த கலவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பெட்ரோலுக்குக் காற்று எட்டு கிராமுக்குக் கீழே போனாலும், பதினெட்டைத் தாண்டினாலும் சாதாரண எஞ்சினில் தீ ஒழுங்காகப் பற்றாது. வேகம் மாறலாம், மேடு வரலாம், சிக்னல் விழலாம். அத்தனையிலும் கலவை இந்த எல்லைக்குள் நிற்கவேண்டும். மின்சாரமும் கணினியும் இல்லாமல் சில துளைகளையும் ஒரு மிதவையையும் வைத்தே இதைச் சாதித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிற விஷயம்.

பெட்ரோலைத் தள்ளுவது யார்?

கொசு மருந்து அடிக்கும் பழைய ஃப்ளிட் பம்பு நினைவிருக்கும். பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு குழலின் வாய்க்கு மேலே விரைந்து போகும். கீழே டப்பாவில் இருக்கும் மருந்து தானாக ஏறி வந்து புகையாகச் சிதறும். கார்பரேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது. காற்று போகும் பாதையை நடுவில் இடுக்கமாக்கியிருப்பார்கள். இடுக்கில் காற்று வேகமெடுக்கும். வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும். 1738-இல் டேனியல் பெர்னூலி எழுதி வைத்ததும், 1797-இல் இத்தாலியர் ஜியோவன்னி பத்திஸ்தா வென்சுரி குழாய்களில் சோதித்து வெளியிட்டதும் இதைத்தான். அந்த இடுக்குக்கு இன்றைக்கும் வென்சுரி என்றே பெயர்.

பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம். பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி அதில் ஒரு மிதவையும், அதோடு சேர்ந்த ஊசி வால்வும் உண்டு. கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம். இடுக்கில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம் பெட்ரோலை ஜெட் என்ற பித்தளைத் துளை வழியாக மேலே தள்ளுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அதைத் தள்ளுவது நம் தலைக்கு மேலே இருக்கும் வளிமண்டலம். இதை மனதில் வையுங்கள், பெங்களூருவின் உயரத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மிதவையும் தெளிக்கும் ஜெட்டும் சேர்ந்த அமைப்பு 1893-இல் பிறந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் தோனாத் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் அதே ஆண்டில் தனித்தனியாக அதை எட்டினார்கள். அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பு, 1888 ஆகஸ்டில், பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த வண்டியை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே எரிபொருள் அடைப்பைச் சந்தித்துத்தான் முடிந்திருக்கிறது. உங்கள் வண்டி சில்க் போர்டில் நின்றதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

காலை எடுத்தால்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பெட்ரோலைக் கூட்டுவதாக நினைக்கிறோம். நாம் திறப்பது ஒரு தகட்டை, காற்றுப் பாதையின் கதவை. அதற்கு த்ராட்டில் என்று பெயர். காலை எடுத்தால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். இடுக்கில் காற்று ஊர்ந்துதான் போகும். ஊரும் காற்று அழுத்தத்தைக் குறைக்காது. அழுத்தம் குறையாவிட்டால் மெயின் ஜெட் என்ற பெரிய ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. அதாவது ஐட்லிங்கில் கார்பரேட்டரின் முதன்மைப் பகுதி வேலையே செய்வதில்லை.

ஆனால் மூடிய கதவுக்குக் கீழே, எஞ்சின் பக்கம், பிஸ்டன்கள் இழுக்க இழுக்கக் காற்று வராததால் வெற்றிடம் பலமாக இருக்கும். அந்த இடத்தில் ஒரு குட்டித் துளை போட்டு, தனிப் பாதை வழியாகக் கொஞ்சம் பெட்ரோலைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தப் பாதையின் வாசலில் இருப்பது ஸ்லோ ஜெட். ஒரே கார்பரேட்டருக்குள் இரண்டு கார்பரேட்டர்கள் இருப்பதாகவே கொள்ளலாம்: ஓடுவதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று. நம் வண்டியில் முதலாவது நலமாக இருக்கிறது. நோய் இரண்டாவதில்.

இரண்டாவதுக்கு நோய் எளிதில் வருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் அளவுதான். மெயின் ஜெட் அதைவிட இருமடங்கு அகலம் என்றால் பரப்பில் நான்கு மடங்கு. டேங்கிலிருந்து வரும் துருத் துகள் ஒன்று பெரியதில் தட்டாமல் போய்விடும், சிறியதில் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது கசிவு. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்து, அல்லது கார்பரேட்டரின் அடி கேஸ்கெட் சுருங்கி, கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர். நிமிடத்துக்கு 900 சுற்றில் நிற்கும் 800 எஞ்சின் தோராயமாக நூறு லிட்டர் காற்று இழுக்கும். அதில் பதினைந்து லிட்டர் என்பது பெரும் பங்கு, கலவை மெலிந்து தீ பற்றாமல் போய்விடும். அதே எஞ்சின் நெடுஞ்சாலையில் ஐந்நூறு லிட்டருக்கு மேல் இழுக்கும். அங்கே பதினைந்து லிட்டர் மூன்று சதவீதத்துக்கும் கீழே, எஞ்சினுக்கு உறைக்காது. கதவு திறந்தால் வெற்றிடமும் குறைவதால் கசிவே கூட இன்னும் சிறுத்துவிடும்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஐட்லிங்கில் சிலிண்டருக்குள் வரும் புதிய கலவை மிகக் கொஞ்சம். முந்தைய சுற்றில் எரிந்து மிச்சமான புகை அதோடு கலந்து நீர்க்கச் செய்கிறது. அதனால் ஐட்லிங்குக்குக் கொஞ்சம் செறிந்த கலவையே தேவை. எந்தக் காரணத்தால் மெலிந்தாலும் முதலில் தடுமாறுவது ஐட்லிங்தான்.

சோக் சொல்லும் சாட்சி

கார்பரேட்டரில் கை வைக்குமுன் தீப்பொறியைப் பாருங்கள். பிளக், பாயின்ட், ஒயர் எது சரியில்லை என்றாலும் அறிகுறி இதே மாதிரித்தான் தெரியும். ஏர் ஃபில்டரையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இவை நன்றாக இருந்தால், டேஷ்போர்டிலேயே ஓர் அருமையான சோதனைக் கருவி இருக்கிறது: சோக்.

சோக்கை இழுத்தால் காற்றின் வாசல் குறுகும், கலவை செறியும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் குலுங்கும்போது சோக்கைக் கால் பங்கு இழுத்துப் பாருங்கள். குலுக்கல் நின்று எஞ்சின் நிமிர்ந்தால், அது பெட்ரோல் போதாமல் தவித்திருக்கிறது. மெலிந்த கலவை. மாறாக இன்னும் மூச்சுத் திணறிக் கறுப்பாகப் புகைத்தால் ஏற்கெனவே செறிவு மிகுந்திருக்கிறது; அப்போது மிதவையும் ஊசி வால்வும்தான் சந்தேகத்துக்குரியவை. பணம் செலவில்லாமல் பத்து நொடியில் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும் சோதனை இது.

நம் உதாரண வண்டி சோக்கை இழுத்ததும் நிமிர்கிறது. எனவே மெலிவு. அடைப்பா, கசிவா என்பது அடுத்த கேள்வி. கசிவைத் தேட, ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியைக் கார்பரேட்டரின் அடிப்பகுதியிலும் குழாய் இணைப்புகளிலும் மெல்ல நகர்த்துங்கள். கசியும் இடத்தில் 'உஸ்' என்ற ஒலி திடீரென்று பெரிதாகும். சந்தேகமான இடத்தில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்தாலும் தெரியும். துளையை நீர் ஒரு கணம் அடைப்பதால் எஞ்சின் ஒலி மாறும். டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கம் மட்டும் நீர் படக்கூடாது. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சின்மேல் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கசிவு இல்லையென்றால் ஐட்லிங் கலவைத் திருகுக்கு வாருங்கள். அதைத் திருகினால் எஞ்சின் ஒலியில் ஏற்ற இறக்கம் தெரியவேண்டும். முழுதாக உள்ளே திருகியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்தப் பாதை வழியே பெட்ரோல் வரவே இல்லை என்று பொருள். வராத ஒன்றை எப்படிக் குறைக்க முடியும்? நம் வண்டியில் அதுதான் நடக்கிறது. இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. பல கார்பரேட்டர்களில் சாவியை அணைத்ததும் ஐட்லிங் பெட்ரோலை நிறுத்த ஒரு சோலினாய்டு வால்வு உண்டு. சாவியைப் போட்டால் 'டிக்' என்று அது திறக்கும் சத்தம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் அதன் ஒயரைப் பார்த்தாலே சில சமயம் கதை முடிந்துவிடும். நம் வண்டியில் 'டிக்' கேட்கிறது. மிஞ்சியது ஸ்லோ ஜெட்.

பித்தளைத் துளை

எஞ்சின் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் கார்பரேட்டரைத் திறக்கலாம். ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் குற்றவாளி அகப்பட்டாகிவிட்டது.

இங்கேதான் பலர் பெர்த்தா பென்ஸின் ஊசியைக் கையிலெடுக்கிறார்கள். அவர் குத்தியது குழாயில். ஜெட் என்பது அளந்து துளையிட்ட பித்தளை; பித்தளை மென்மையான உலோகம். அரை மில்லிமீட்டர் துளை கம்பி உராய்ந்து 0.55 மில்லிமீட்டர் ஆனால், கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பரப்பு மட்டும் 21 சதவீதம் கூடியிருக்கும். மெலிந்த கலவையைச் சரிசெய்யப் போய் நிரந்தரமாகச் செறிந்த கலவையில் முடியும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதினால் போதும். ஊதும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஜெட்டை மட்டும் ஊதிவிட்டு அதன் பின்னால் இருக்கும் பாதைகளை விட்டுவிட்டால், உள்ளே ஒட்டியிருந்த மிச்சத் துகள் மறுநாளே திரும்பி வந்து அடைக்கும். பெட்ரோல் ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லை.

ஊரின் உயரம்

வண்டி இப்போது ஐட்லிங்கில் அணையாமல் நிற்கிறது. ஆனால் கலவை சரியான அளவில் இருக்கிறதா? அதற்குப் பெங்களூருவின் நில அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. இங்கே குளிர்ச்சி கொஞ்சம் கூட என்பதால் காற்று சற்றே சுருங்கி, அடர்த்தியின் வித்தியாசம் எட்டு சதவீதம் அளவுக்கு வந்து நிற்கும். கார்பரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது. எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு அழுத்த வித்தியாசம் உண்டாக்குகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். காற்று எட்டு சதவீதம் மெலிந்தால், இடுக்கில் உண்டாகும் அழுத்த வித்தியாசமும் எட்டு சதவீதம் குறையும். ஆனால் ஒரு துளை வழியாகத் திரவம் பாயும் அளவு, அழுத்தம் குறையும் விகிதத்தில் பாதி அளவுக்கே குறையும். விளைவாகக் காற்று எட்டு சதவீதம் குறைகிறது, பெட்ரோல் நான்கு சதவீதம்தான் குறைகிறது. கலவை நான்கு சதவீதம் செறிந்துவிடுகிறது.

சென்னையில் கச்சிதமாக டியூன் செய்த வண்டியைக் கிருஷ்ணகிரி தாண்டி ஒசூர் மேட்டில் ஏற்றி இங்கே கொண்டுவந்தால், 14.7 என்றிருந்த விகிதம் 14.1 ஆகியிருக்கும். பொறுத்துக்கொள்ளக்கூடிய மாற்றம்தான். அதே வண்டியை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஓட்டினால் சென்னையோடு ஒப்பிடச் செறிவு பத்து சதவீதத்தை நெருங்கும். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும்போது பழைய வண்டிகள் இழுக்கமுடியாமல் பெட்ரோல் வாடை வீசுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. காற்றே குறைந்துவிட்டதால் சக்தி குறைவது தனி.

2023-க்குப் பிறகு

2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூருவில் நடந்த இந்திய எரிசக்தி வார விழாவில்தான் பிரதமர் இ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். நூறு லிட்டரில் இருபது லிட்டர் எத்தனால். 2025-இல் நாடு முழுவதும் அந்த அளவை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. கார்பரேட்டர் காலத்து வண்டிகளை வடிவமைத்தவர்கள் இந்த எரிபொருளை நினைத்துப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் ஒரு கிராம் எத்தனால் எரிய ஒன்பது கிராம் காற்றே போதும். இருபது சதவீதம் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று 14.7-லிருந்து சுமார் 13.5-ஆக இறங்குகிறது. ஜெட்டோ பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கிறது. இதனால் கலவை எட்டு சதவீதம் மெலிகிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் சுத்தமான பெட்ரோலுக்கு அமைத்த கார்பரேட்டர், பெங்களூரு உயரத்தில் நான்கு சதவீதம் செறிகிறது, இ20-இல் எட்டு சதவீதம் மெலிகிறது. மொத்தத்தில் நான்கு சதவீதம் மெலிவு. தொடக்கத்திலிருந்தே இந்த ஊர்க் காற்றுக்கென்று டியூன் செய்த வண்டிக்கு உயரம் கைகொடுக்காது, முழு எட்டும் விழும். காலையில் சோக்கை நெடுநேரம் இழுத்து வைக்கவேண்டியிருப்பது, மிதித்ததும் ஒரு கணம் தயங்குவது எல்லாம் இதன் அடையாளங்கள். ஐட்லிங் திருகைச் சற்றே வெளியே திருகிச் சரிசெய்யலாம். ஓட்டத்தில் பிளக் வெளுத்து, இழுவை குறைந்தால் மட்டும் மெயின் ஜெட்டை ஓரளவு பெரியதாக மாற்றுவது பற்றி நல்ல மெக்கானிக்கிடம் பேசுங்கள். பிளக் முனையில் காப்பிப்பொடி நிறம் நல்ல கலவை, கரி படிந்தால் செறிவு, சுண்ணாம்பு வெள்ளை மெலிவு என்பது ஆடுகோடி மைக்கோ ஆலையின் பிளக்குகள் எல்லா வண்டியிலும் இருந்த காலத்திலிருந்து மெக்கானிக்குகள் படித்துவரும் பாடம்.

எத்தனால் செய்யும் இன்னொரு வேலைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அது டேங்கில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பிவிடும். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும். அடைப்பு, கசிவு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வழி பண்ணுகிறது. ஆகவே குழாய்களையும் டயாஃபிரம்களையும் எத்தனாலைத் தாங்கும் புது ரப்பருக்கு மாற்றுவது பழைய வண்டிக்குச் செய்யும் முதல் செலவாக இருக்கவேண்டும் என்பேன். சீட் கவருக்கும் ஸ்டீரியோவுக்கும் முன்னால். கசியும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் கார்பரேட்டர் கிண்ணத்தைக் காலிசெய்துவிட்டு நிறுத்துங்கள். ஈரமான எத்தனால் கிண்ணத்தின் அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். அந்தப் பொடி நேராகப் போவது ஸ்லோ ஜெட்டுக்கு.

எமிஷன் சீட்டைப் படிப்பது

திருகைச் சரியாக வைத்தோமா என்று காதால் மட்டும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் எமிஷன் டெஸ்ட் வண்டியில் ஒரு நல்ல கருவி இருக்கிறது. சான்றிதழுக்காகக் காசு கொடுத்துவிட்டுச் சீட்டைப் பார்க்காமல் மடித்து வைக்கிறோம். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார்களுக்கு முதலாவதன் வரம்பு 3 சதவீதம், இரண்டாவதன் வரம்பு பத்து லட்சத்தில் 1,500 பங்கு.

கார்பன் மோனாக்சைடு வரம்பை முட்டினால் பெட்ரோல் அதிகம். அது மிகக் குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், மெலிந்த கலவை பற்றாமலே வெளியேறுகிறது. அல்லது ஒரு பிளக் பொறி விடவில்லை. இரண்டும் உயரமாக இருந்தால் ஏர் ஃபில்டரிலும் மிதவை மட்டத்திலும் தொடங்குங்கள். இயக்குபவரிடம் கேட்டுக்கொண்டு, கருவி குழாயில் இருக்கும்போதே கலவைத் திருகைக் கால் சுற்று நகர்த்திப் பார்க்கலாம். எண்கள் சில நொடிகளில் இடம் மாறும். ஹைட்ரோகார்பன் மிகக் குறைவாகவும் எஞ்சின் ஒலி சீராகவும் இருக்கும் இடத்தில் திருகை நிறுத்துங்கள். அந்தச் சீட்டில் திருகு எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்பதையும் தேதியையும் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை வேறொரு மெக்கானிக் கார்பரேட்டரைத் திறந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.